அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு: மண்டபத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஏப்ரல் 9, 2025

ஏஜென்சி அனுப்பிய பெண் இன்று காலை பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயதுதான் இருக்கும், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன 80 வயது அம்மாவை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று அவளுக்கு யாருமே சொல்லித் தரவில்லை, ஹோம் நர்ஸ் என்று பேர் வைத்து அனுப்பிவிட்டார்கள். மாசம் 26 ஆயிரம், சாப்பாடும் தங்கலும் நம்முடையது, அது போக முன்பணம் 10 ஆயிரம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் வேறு ஆள் தருகிறோம், பணம் திரும்ப வராது என்கிறார்கள். 26 ஆயிரத்தில் தன் கைக்கு வருவது 15 ஆயிரம்தான் என்று போகும்போது அந்தப் பெண் சொன்னாள், எனக்கு வயிறு எரிந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகுதா என்று குழறலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்பா பழைய பாலத்தில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். போகுதும்மா என்றேன்.

ஏப்ரல் 13

சென்னையிலிருந்து அண்ணன் பேசினான், மதினியும் பேசினார்கள். மதினி கேட்டது இதுதான்: "உன் ஸ்கூல் சம்பளமே 14 ஆயிரம், அதை அப்படியே வேலையாளுக்குக் கொடுக்கிறதுக்கு நீயே வீட்டில் இருந்து பார்த்துக்கலாமே?"

தெருவிலும் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் வேலையை விட்டால் அம்மாவுக்கு ஆகும் செலவு இல்லாமல் போய்விடாது, அந்த 14 ஆயிரமும் என் ஒருத்தி கையிலிருந்து போகும், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து புரட்டுவது இப்போதும் நான்தான், அதற்கு நான் கூலி கேட்கவில்லை. பகல் நேரத்துக்காவது செலவை மூன்றாகப் பார்ப்போம், முதலில் அம்மாவின் பென்ஷன், மீதியில் பாதி நீ, பாதி நான் என்று அண்ணனிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

ஏப்ரல் 19

ஆள் கிடைத்துவிட்டது! பாம்பன் பக்கம் சின்னப்பாலத்து அக்கா. கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர். 15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் ஜூன் 14 வரை கரையில்தான், அவர்கள் ஊர்ப் பெண்களும் இந்தச் சமயத்தில் பாசிக்குப் போவதை நிறுத்திவைக்கிறார்களாம். கடைசிக் காலத்தில் மாமியாரை மூன்று வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர், அதைவிட வேறென்ன படிப்பு வேண்டும்.

காலை 8 மணியிலிருந்து மாலை 6 வரை, ஞாயிறு லீவு, மாசம் 12 ஆயிரம், மதியச் சாப்பாடு நம் வீட்டில். பாம்பனிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துக்குத் தனியாகத் தர வேண்டியதில்லை. நம்ம பக்கம் இந்த வேலைக்கு 8 ஆயிரம் கொடுத்தால் போதுமே என்று அண்ணன் சொன்னான். 8 ஆயிரத்துக்கு வீடு பெருக்க ஆள் வரும் அண்ணே, அம்மாவைக் கழுவிவிட வராது என்றேன்.

மே 6

பழைய பருத்திச் சேலை ஒன்றை நாலாக மடித்து அம்மாவின் தோளுக்குக் கீழிருந்து தொடை வரை விரித்துவைத்திருக்கிறார் அக்கா. புரட்ட வேண்டிய நேரத்தில் கையைப் பிடித்து இழுப்பதே இல்லை, சேலையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஆத்தா, இந்தா திரும்புறோம்" என்று முதலில் சொல்லி, ஒரே சீராகத் தன் பக்கம் இழுக்கிறார், அம்மாவின் உடம்பு சேலையோடு திரும்புகிறது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. அப்புறம் இடுப்புக்குக் கீழே சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்கிறார், அழுத்தின இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். இதை எனக்கும் காட்டிக் கொடுத்தார். அந்த விரல்களைப் பார்த்தேன், பாறையில் அறுபடாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டுதான் பாசி பறிப்பார்களாம், அப்படியும் நகத்தடியெல்லாம் வெட்டுத் தழும்பு. அம்மாவைத் தொடும்போது அவ்வளவு மெதுவாக இருக்கின்றன.

செலவுக் கணக்கில் யாரும் எழுதாத ஒன்று தண்ணீர். நம்ம வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் அலசின துணி விறைத்துப் போய் அம்மாவின் தோலை உரசுகிறது. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் வரும், வராத நாளில் வண்டிக்காரரிடம் குடம் கணக்கில் வாங்கித்தான் விரிப்பு அலச வேண்டியிருக்கிறது. இந்த மாசம் அது மட்டும் 1,200 ஆகும்போல. டயப்பர் 3,500. தனியார் பிசியோதெரபி ஒரு தரத்துக்கு 400.

மே 25

வீட்டில் வயசான பென்ஷன்தாரர் இருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு வருவது ரயில்வே குடும்ப ஓய்வூதியம், குறைந்தபட்ச அடிப்படையான 9,000, அதன் மேல் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டித் தருகிற அகவிலை நிவாரணம் 55 சதவீதம், ஆக 13,950. ஆனால் மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியத்தில் 80 வயது முடிந்தால் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, 100 வயதானால் முழுசாக இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. அம்மாவுக்குப் போன வருஷம் ஜூனிலேயே 80 முடிந்துவிட்டது, இன்னும் பழைய தொகைதான் வந்துகொண்டிருக்கிறது!

அப்பாவின் ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பிறந்த தேதியே எழுதப்படவில்லை, அதனால் கம்ப்யூட்டர் தானாகக் கூட்டவில்லை என்றார்கள் பேங்கில். ஆதார், வாக்காளர் அட்டை நகலோடு விண்ணப்பம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வைத்து வாங்கி வந்தேன். கூடுதல் தொகைக்கும் அகவிலை நிவாரணம் சேரும், அதாவது மாசம் 2,790. ஏறக்குறைய டயப்பர் செலவு.

ஜூன் 17

தடைக்காலம் முடிந்தது. ராத்திரியெல்லாம் கடல் பக்கம் படகுச் சத்தம், அம்மா முகத்தில் ஒரு தெளிவு.

அக்கா தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் சாதகமாக இருக்கிற நாட்களில் பாசிக்குப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும், ஆத்தாவை விட்டுப் போகவும் மனசில்லை டீச்சர் என்றார். மனசைக் காட்டிக் கூலியைக் குறைக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது, கடலில் நல்ல மாசத்தில் என்ன கிடைக்கும் என்று நேராகவே கேட்டேன், 15 ஆயிரம் என்றார். சரி, 15. காய்ச்சல் தலைவலி என்று வராத நாளுக்குப் பிடித்தம் கிடையாது.

அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் நான் செலவுக் கணக்கு எழுதுகிற நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றான். மாசக் கடைசியில் நோட்டின் பக்கங்களை அனுப்பிவிடுகிறேன், அது நல்லதுதான், அம்மா பணத்தை யார் கையாண்டாலும் கணக்கு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். மருந்து பில்களையும் அவனுக்கே அனுப்புகிறேன், அம்மாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசி கிடையாது, அண்ணன் இன்னும் பழைய வருமான வரி முறையில் இருக்கிறான், மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவச் செலவில் வருஷம் 50 ஆயிரம் வரை 80டி பிரிவில் வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்கலாம், ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. முதலமைச்சர் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உதவும், வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்குச் சம்பளம் தராது.

ஆகஸ்ட் 10

இரண்டு நல்ல செய்தி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அம்மாவின் பேரைப் பதிந்தாகிவிட்டது, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, இயன்முறை மருத்துவரும் வந்து காலை மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார், தினமும் செய்வது அக்கா. தனியார் பிசியோவை நிறுத்திவிட்டோம். இதற்கு ஒரு பைசா கேட்கவில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்தது மட்டும்தான் நாங்கள் செய்தது.

இன்னொன்று, கூடுதல் ஓய்வூதியம் நிலுவையோடு ஏறிவிட்டது, 38 ஆயிரத்துச் சொச்சம். ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டதே என்று வீட்டில் பேச்சு வந்தது, நான் சம்மதிக்கவில்லை. அது அம்மாவின் பணம். படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் பெட், அதாவது காற்று மெத்தை ஒன்று வாங்கினோம், மீதியை அம்மா பேரிலேயே டெபாசிட் போட்டாகிவிட்டது.

இப்போது மாசச் செலவு சுமார் 20 ஆயிரம், பென்ஷன் 16,740. மீதியில் ஆளுக்குப் பாதி. இந்த மாசம் அண்ணன் கேட்காமலே அனுப்பிவிட்டான்.

அக்டோபர் 8

உயிர்வாழ் சான்று, பென்ஷன் நிற்காமல் வர வருஷா வருஷம் கொடுக்க வேண்டியது. 80 தாண்டியவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபரிலேயே கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்தார், கட்டணம் 70 ரூபாய். அம்மாவின் ரேகை கருவியில் விழவே இல்லை, அப்புறம் போனில் முகத்தைக் காட்டிச் செய்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது அக்கா அம்மாவின் எதிரே நின்று தானும் சிமிட்டிக் காட்டினார், அம்மா அவரைப் பார்த்தே செய்துவிட்டார். அகவிலை நிவாரணம் ஜூலையிலிருந்து 58 சதவீதம் என்று அறிவித்திருக்கிறார்கள், அந்தக் கணக்கில் இனி 17,064.

தீபாவளிக்கு அக்காவுக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ் என்று அண்ணனிடம் பேசி முடித்தாயிற்று. எனக்கு இடுப்பு வலி தாங்கவில்லை, வாரத்தில் இரண்டு ராத்திரிக்காவது ஒருவர் வேண்டும், அதையும் நோட்டில் ஏற்றத்தான் போகிறேன். உச்சிப்புளியில் ஒருவர் இருக்கிறார் என்று அக்கா சொல்லியிருக்கிறார், சனிக்கிழமை பள்ளி விட்டதும் போய்ப் பேச வேண்டும், ஒரு ராத்திரிக்கு 500 கேட்பாராம்.