கிளாடோகிராம் கேள்வி: நுனியைப் பார்க்காதீர்கள், கணுவைப் பாருங்கள்

சியுஇடி பிஜி (மத்தியப் பல்கலைக்கழக முதுகலை நுழைவுத் தேர்வு) விலங்கியல் ரிசல்ட் வந்துவிட்ட நிம்மதியில் எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடுத்த வருடம் எழுதப் போகிறவர்கள் விலங்குத் தொகுதிகளின் (பைலம்) பண்புகளை எப்படியும் மனப்பாடம் செய்துவிடுவீர்கள். கோட்டை விடுவது கிளாடோகிராமை, அதாவது யார் யாருக்கு நெருக்கம் என்று கிளைகளாகக் காட்டும் உறவு மரத்தைப் படிப்பதில்தான். சரிக்கு 4, தப்புக்குக் கழித்தல் 1. ஒரு மரத்தைத் தப்பாகப் படித்தால் 5 மதிப்பெண் வித்தியாசம்.

சுறா, வஞ்சிரம், நுரையீரல் மீன், மாடு என்று நான்கு பெயர் கொடுத்து, நுரையீரல் மீனுக்கு யார் நெருக்கம் என்று கேட்டால் கை தானாக வஞ்சிரத்துக்குப் போகும். விடை மாடு. நுரையீரல் மீனின் கோட்டில் விரலை வைத்து வேரை நோக்கி இறங்குங்கள். முதலில் வந்து சேரும் கோடு மாட்டினுடையது. அதற்கும் கீழேதான் வஞ்சிரம் சேரும், கடைசியில் சுறா. ரஃப் தாளில் இப்படி எழுதுங்கள்:

(சுறா, (வஞ்சிரம், (நுரையீரல் மீன், மாடு)))

இதில் 3 கணுக்கள், அதாவது கோடுகள் சேரும் இடங்கள். ஒவ்வொன்றையும் இடம் வலமாகத் திருப்பலாம் என்பதால் இதே மரத்தை 8 விதமாக வரையலாம், உறவு மாறாது. வினாத்தாளில் ஏமாற்றுவது இந்தத் திருப்பல்தான். அடைப்புக்குறியில் எழுதிவிட்டால் ஏமாற மாட்டீர்கள். தினம் 5 மரம் இப்படி மாற்றி எழுதிப் பழகுங்கள், இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை.

செவுளும் துடுப்பும் இரண்டு மீனுக்கும் இருக்கிறதே என்று தோன்றும். அவை பழைய மூதாதையிடமிருந்து வந்த சொத்து, மாட்டின் வழி பின்னால் இழந்தது. புதிதாகத் தோன்றிப் பகிரப்பட்ட பண்பு மட்டுமே உறவுக்குச் சான்று. அதனால் வெளிக்குழு (மற்றவற்றிலிருந்து முதலில் பிரிந்தது, இங்கே சுறா) எது என்று முதலில் குறியுங்கள். அதிலும் இருக்கிற பண்பு பழசு.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்:

- மண்புழு, இறால்: இரண்டிலும் உடல் கண்டங்கள் உண்டு, ஆனாலும் நெருக்கமில்லை. தோலுரிக்கும் இறாலுக்கு உருளைப்புழுதான் கிட்டம் (தோலுரிக்கும் விலங்குகளின் குழுவான எக்டைசோசோவா, 1997இல் முன்மொழியப்பட்டது). மண்புழு நத்தையோடு சேரும்.
- நட்சத்திர மீன்: முதிர்ந்த உடலின் ஆரச் சமச்சீரைப் பார்த்து ஜெல்லி மீனோடு சேர்க்காதீர்கள். லார்வா இருபக்கச் சமச்சீர், டியூட்டிரோஸ்டோம் (கருவின் முதல் துளை மலவாயாகும் குழு), முதுகெலும்பிகளான நம் பக்கம்.
- முதலைக்குப் பல்லியைவிடக் காகம் நெருக்கம்.
- பார்னக்கிள்: கடலூர் துறைமுகத்தில் கரையேற்றிய படகின் அடியில் கெட்டியாக ஒட்டியிருக்கும், சிப்பி மாதிரி. கரையில் ஓட்டுத் தகடுகள் மூடியிருக்கும், உள்ளே மடித்து வைத்த இறகு போன்ற கால்கள் உண்டு. கால்களில் மூட்டுகள். லார்வா நாப்ளியஸ் (ஓட்டுடலிகளின் முதல் லார்வா), இறால் இனத்தைப் போலவே. அதனால் சிப்பியோடு அல்ல, இறாலோடுதான் சேரும்.