ஊசியைப் பிடிக்காத கை

வேலூரில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் செவிலியராகச் சேர்ந்த முதல் மூன்று மாதங்கள், யாருக்காவது வென்ஃப்ளான் (சலைன் ஏற்ற, ஊசியால் குத்தி உள்ளே செருகும் மெல்லிய குழாய்) போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலே, மருந்து அலமாரியைச் சரிபார்க்க வேண்டியது எனக்கு நினைவுக்கு வந்துவிடும். படிக்கும்போது ரப்பர் கையில் தவறாமல் போட்டவள்தான். ஆனால் ரப்பர் கையின் நரம்பு ஓடுவதில்லை. (நரம்பு என்றே எழுதுகிறேன். பாடநூலில் சிரை என்று இருக்கலாம், குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வந்த எவரும் “சிரை கிடைக்கலையா சிஸ்டர்?” என்று என்னைக் கேட்டதில்லை.)

ஒரு கத்திரி வெயில் நாளில், வயிற்றுப்போக்கால் துவண்டுபோன, எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவரை அழைத்து வந்தார்கள். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்ட அந்தக் கையின் புறத்தில் நரம்பு கயிறு போலத் தெரிந்தது. அதை நம்பியே ஏமாந்தேன். முதல் முறை ஊசி பட்டதும் அது வழுக்கி ஒதுங்கியது. இரண்டாம் முறை இரத்தம் தெரிந்த மகிழ்ச்சியில் உடனே குழாயைத் தள்ளினேன்; சலைன் செலுத்தியதும் அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. “பரவால்ல கண்ணு, இந்தக் கை இருக்குதே” என்று அவர் மறு கையை நீட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு முறை தவறினால் வேறொருவரை அழைக்க வேண்டும் என்பது எங்கள் வார்டு வழக்கம் என்பதால், மூத்த சிஸ்டரை அழைத்தேன்.

அவர் புறங்கையை விட்டுவிட்டு முன்கைக்குப் போனார், நரம்பு புடைக்கக் கட்டும் பட்டையான டூர்னிக்கெட்டைத் தளர்வாகவே கட்டினார், நீல நிற 22-ஆம் அளவு ஊசியை எடுத்தார். நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அங்க என்னம்மா பாக்குற? இந்தக் கையப் பாரு” என்றார். இடது கட்டைவிரல், குத்தும் இடத்துக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்து, கடைசி வரை விடாமல் இருந்தது. வயதானவர்களுக்குத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பும் தசையும் கரைந்து, நரம்புக்குப் பிடிமானம் இல்லாமல் போவதால், அந்தப் பிடிமானத்தை நம் கட்டைவிரல்தான் கொடுக்க வேண்டும்.

என் இரண்டாவது தவறுக்கும் காரணம் அன்றே விளங்கியது. ஊசியின் முனை குழாயின் வாயைவிடச் சற்று நீண்டிருப்பதால், இரத்தம் தெரியும் கணத்தில் ஊசி மட்டுமே நரம்புக்குள் இருக்கிறது, குழாய் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. ஆகவே கோணத்தைத் தாழ்த்தி, ஊசியோடு சேர்த்து இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போன பிறகே குழாயை மட்டும் நகர்த்த வேண்டும்.

அதன்பின் பல நாள், இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் கையில் டூர்னிக்கெட்டைக் கட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினேன். அழுத்தி விட்டால் துள்ளி எழுவது நரம்பு, விறைப்பாகவே கிடப்பது தசைநாண், துடித்தால் தமனி. கறுத்த கைகளில் கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்குத் தெரிவதே அதிகம். “தினமும் என்னத்தம்மா தேடற, காசு எதுனா உழுந்துடுச்சா?” என்பார் அப்பா.

இப்போதும் தவறுவதுண்டு. போன வாரம் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒருவரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் “ஏக்டு பேத்தா” (கொஞ்சம் வலி) என்று சொல்லிக் குத்தினேன், இரத்தம் வரவில்லை. ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்தியபடி, அவருடைய மற்ற முன்கையை விரலால் தடவத் தொடங்கினேன். இந்த முறை அலமாரிப் பக்கம் போகவில்லை.