ஜெனோவாவின் சந்துகளில் ஒரு காலை

இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவில், காலை ஒன்பது மணிக்கு போர்த்தா சொப்ரானா கோட்டை வாசலில் கூடினோம். நாங்கள் எட்டுப் பேர், வழிகாட்டி ஒரு பெண்மணி. உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே சந்துகள் தொடங்கிவிட்டன. 'கரூஜி' என்கிறார்கள். சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இருபக்கச் சுவரும் தட்டும். மேலே ஆறேழு மாடி, நடுவில் கோடு போட்ட மாதிரி வானம்.

சான் லொரென்சோ பேராலயத்தில் நான் நின்றுவிட்டேன். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை சுட்ட குண்டு ஒன்று உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லை. அதன் நினைவாக ஒரு குண்டை வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். குண்டு இருப்பதையே அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம் துறைமுகம். 1260-இல் கட்டிய சான் ஜோர்ஜோ மாளிகை, மார்க்கோ போலோவைச் சிறை வைத்த இடம் என்பார்கள். வெளிச்சுவர் ஓவியங்கள் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. பசி வேறு.

எதிரே சொத்தொரீபா வளைவுகளுக்குக் கீழே 'ஃபரினாத்தா' வாங்கினேன். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள். பஜ்ஜி மாவை அடையாக வார்த்த மாதிரி ருசி, உறைப்பு மட்டும் இல்லை. மிளகுத்தூள் கேட்டு வாங்கித் தூவி, இன்னொரு துண்டும் சாப்பிட்டேன். லான்தெர்னா கலங்கரை விளக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.