கடைசித் தாள்

மே 7
ஆஸ்பத்திரிக்கு வாசிக்க ஏதாவது கொண்டு வரச் சொன்னார் அப்பா. பேப்பர் வேண்டாமாம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டி வேண்டுமாம். உள்ளே துப்பறியும் சித்திரக்கதைகள்: ரிப்போர்ட்டர் ஜானி நாலு, அட்டை போன ரிப் கிர்பி ஒன்று. கொழும்புக் காலி வீதி முழுக்க வெசாக் பண்டிகைக்குக் கடதாசி விளக்குக் கூடு கட்டுகிறார்கள், பஸ் நகரவே இல்லை.

மே 8
ரிப்போர்ட் வரவில்லை.

மே 9
ரிப் கிர்பியில் கடைசித் தாள் இல்லை. கதவைத் தட்டும் சத்தம், கிர்பியின் வேலையாள் டெஸ்மண்ட் திறக்கப் போகிறான், அத்தோடு சரி. "ஆரடா கிழிச்சது?" என்று என்னைப் பார்த்தார். நான் பிறக்க முதல் வாங்கிய புத்தகம்.
"முடிவு ஞாபகம் இல்லையா அப்பா?"
"ஞாபகம் இருந்தா ஏன்ரா திரும்ப வாசிக்கிறன்?"

மே 10
அவர் தூங்கியதும் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தேன். ஜானி பெல்ஜியத்துக் கதை, அங்கே அவன் பெயர் ரிக் ஓஷே, 1955 முதல் டின்டின் வாரப் பத்திரிகையில் வந்தவன். மஞ்சள் போர்ஷ், பூட்டிய அறைக்குள் பிணம், சந்தேகப்பட ஒரு வீடு நிறைய ஆட்கள். துஷாதோ கதை எழுதுவார், திபே வரைவார். கட்டத்தின் மூலையில் கிடக்கும் சின்னச் சாமான்கூடச் சாட்சி சொல்லலாம், அதனால் கண் பின்னுக்கும் முன்னுக்கும் ஓடும். கிர்பியில் அப்படி ஓட முடியாது. அது 1946இல் தினப் பத்திரிகைக்காக அலெக்ஸ் ரேமண்ட் தொடங்கியது, நாளுக்கு ஒரு வரிசை, மூன்று நாலு கட்டம். வாசகன் மறுநாளும் பேப்பர் வாங்க வேண்டுமே, அதனால் வரிசை முடியும் இடத்தில் யாரோ திடுக்கிடுவார்கள், அல்லது போன் அடிக்கும். புத்தகமாகச் சேர்த்து வாசிக்கும்போது நாலு கட்டத்துக்கு ஒருக்கால் தூக்கிப்போடுகிறது.
பெரிய டாக்டரும் காலையில் வந்து ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போகிறார். மிச்சம் நாளைக்கு.

மே 11
டிக் ட்ரேசி பற்றிச் சண்டை. செஸ்டர் கூல்ட் 1931இல் தொடங்கிய பொலிஸ் துப்பறியும் சித்திரக்கதை. கள்ளன் யார் என்று யோசிக்கவே வேண்டாம், முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்: ஒருவனுக்குத் தலை தட்டை, ஒருவனுக்கு முகம் முழுக்க வற்றல் சுருக்கம். சின்னப்பிள்ளை விளையாட்டு என்றார் அப்பா. கிர்பியில் கெட்டவனும் நல்ல கோட்டுத்தான் போடுவான், அதுதான் பயம் என்றார். எனக்குக் கூல்டைப் பிடிக்கும். ஆனால் இந்த வார்டில் எல்லா முகமும் ரேமண்ட் வரைந்தது: வடிவு, அயர்ன் பண்ணியது, ஒன்றும் படிக்க முடியாது. நேர்ஸ் மிஸ்ஸி பைலைப் புரட்டும்போது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை.

மே 12
வெசாக். இன்றும் நாளையும் லாப் பூட்டு.
இரவு வெள்ளவத்தைக் கடற்கரையில் மழை. கூடுகளுக்குள் பல்ப் அப்படியே எரிகிறது, கடதாசி மட்டும் நனைந்து தொங்குகிறது. ஃபிராங்க் மில்லரின் சின் சிட்டியில் மழை இப்படித்தான், பக்கம் முழுக்கக் கறுப்பு, அதைக் கீறிக்கொண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் சாம்பல் நிறமே இல்லை. துப்பைவிட இருட்டுத்தான் கதை. பகல் அப்பாவுக்குப் போனில் காட்டினேன்.
"மை கொட்டுப்பட்டுப் போச்சோ?"

மே 13
தன்சலில், வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தலில், வாங்கிய மரவள்ளிக் கிழங்கைக் கேட்டு அடம். கொடுக்கக் கூடாது. கொடுத்தேன், ஒரு துண்டு.

மே 14
காலை டாக்டரின் வசனம்: "பார்ப்போம்."
நடைபாதை வாங்கில் இருந்து மான்ஸ்டர் தொடங்கினேன், முட்டாள்தனம். உராசவாவின் ஜப்பானியச் சித்திரக்கதை. டென்மா என்ற மூளைச் சத்திரசிகிச்சை டாக்டர், மேயரை விட்டுவிட்டு ஒரு பையனைப் பிழைக்க வைக்கிறார். அந்தப் பையன்தான் கொலைகாரன், முதல் தொகுதியிலேயே தெரிந்துவிடும். மிச்சம் பதினேழு தொகுதிக்கும் அது தெரிந்தபடியே வாசிக்க வேண்டும். வீட்டில் என்றால் இந்த வகைதான் எனக்கு உசத்தி, யார் என்ற கேள்வி தீர்ந்த பிறகுதான் கதை கனக்கத் தொடங்கும் என்று ஆட்களோடு வாதாடியிருக்கிறேன். இன்று முப்பது பக்கம் தாண்ட முடியவில்லை. அப்பாவின் ஜானியை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

மே 15
தெகிவளையில் ஒரு நண்பரிடம் அதே கிர்பி இருக்கிறதாம். "மேல் பரணில், தேட வேண்டும்" என்றார். அக்கா கனடாவில் இருந்து நாலு தரம் போன் எடுத்துவிட்டாள். கிர்பியின் முடிவை இணையத்தில் தேடட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்றேன், ஏன் என்று தெரியவில்லை.
ரேமண்ட் 1956இல் கார் விபத்தில் போய்விட்டார். கிர்பியை ஜான் பிரென்டிஸ் எடுத்து 1999 வரை வரைந்தார். "கை மாறினது தெரியேல்லையே" என்றார் அப்பா, கொஞ்சம் கோபமாக.

மே 16
எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா கொண்டுவரச் சொன்னவை: மாலு பாண் (மீன் வைத்த பணிஸ்) இரண்டு, ரேசர், கடைசித் தாள்.