விமானம் ஏறும்போது கழியும் 3 ரூபாய்: ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் 20ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, வெள்ளிக்கிழமை குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. திறமையால் வெல்வதா, அதிர்ஷ்டத்தால் வெல்வதா என்ற பழைய வழக்கை இச்சட்டம் பொருட்படுத்தவில்லை. பணம் கட்டிப் பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடுவது எதுவாக இருந்தாலும், அதை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுகிறவரைத் தண்டிக்க இதில் இடமில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலேயே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என்று அதன் பிடியிலிருந்து விடுவித்தபோதும், அதிர்ஷ்ட விளையாட்டுகள் மீதான தடையை உறுதிசெய்தது. ஆக, திரையில் விமானம் ஏறிக்கொண்டே போகும் 'ஏவியேட்டர்' வகைப் பந்தயம் இங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தடைபட்ட ஒன்று. ஆயினும் நான் புள்ளியியல் கற்பிக்கும் கல்லூரியில் அதைப் பார்த்திராத மாணவர் அரிது. ஒரு தளத்தை முடக்கினால் வேறொரு முகவரியில் அதே விமானம் பறக்கிறது. அதன் கணக்கு என்ன என்பதை இங்கே தொடர்ந்து எழுதி வைக்க எண்ணியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இவ்வகை விளையாட்டு பிட்காயின் வைத்துச் சூதாடுவோரிடையே 2014 வாக்கில் தோன்றியது. பின்னாளில் பஸ்டபிட் என்று பெயர் பெற்ற தளம் அதன் முன்னோடி. இன்று பலரும் அறிந்த ஏவியேட்டர், ஜார்ஜியா நாட்டில் தொடங்கிய ஸ்பிரைப் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. அதே அமைப்பை ராக்கெட், பலூன் என்று உருமாற்றிப் பலர் நடத்துகிறார்கள்.

ஆடும் முறை எளியது. சில வினாடி அவகாசத்தில் பந்தயப் பணத்தை வைக்க வேண்டும்; விமானம் கிளம்பியதும் 1.00 என்று தொடங்கும் பெருக்கல் எண் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும். விமானம் பறந்து மறைவதற்கு முன்பு பொத்தானை அழுத்தினால், அந்த நொடியில் திரையில் இருந்த எண்ணால் பந்தயத்தைப் பெருக்கித் தருவார்கள். மறைந்துவிட்டால் வைத்த பணம் முழுவதும் போய்விடும். திரையின் ஓரத்தில் மற்றவர்கள் எவ்வளவு வைத்தார்கள், எந்த எண்ணில் எடுத்தார்கள் என்ற பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே முந்தைய சுற்றுகளின் முடிவுகள் வரிசையாக நிற்கும்: 2க்குக் கீழ் நீலம், 2 முதல் 10 வரை ஊதா, 10க்கு மேல் இளஞ்சிவப்பு. ஒரு சுற்று முடிந்த மூச்சிலேயே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. லாட்டரிச் சீட்டு வாங்கியவருக்குக் குலுக்கல் வரை காத்திருக்கும் இடைவெளி இருந்தது. இங்கே அந்த இடைவெளியே கிடையாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இறுதியாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் நின்று, "மேடம், இதுல ஒரு பேட்டர்ன் இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். பக்கம் பக்கமாக முடிவுகளைத் தேதியிட்டு எழுதியிருக்கிறார். நீலம் தொடர்ந்து வந்தால் அடுத்து இளஞ்சிவப்பு வரும் என்பது அவருடைய கணிப்பு. வகுப்பில் பயிற்சிக் கணக்குக்குக்கூட இவ்வளவு சீராகத் தரவு திரட்டியவரில்லை. நோட்டை வாங்கி வந்திருக்கிறேன். எவ்வளவு இழந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்றும் இன்றும் அந்த நோட்டோடுதான் இருந்தேன். ஏவியேட்டரில் ஆடுவோருக்குத் திரும்பும் பங்கு 97 விழுக்காடு என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். எந்த எண்ணில் வெளியேறினாலும் இந்தப் பங்கு மாறாதிருக்க வேண்டுமானால், விமானம் ஓர் எண்ணைத் தொடும் வாய்ப்பு 0.97ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதாகத்தான் இருக்க முடியும். அதன்படி 2ஐத் தொடும் வாய்ப்பு 48.5 விழுக்காடு, 10ஐத் தொடுவது 9.7 விழுக்காடு, 100ஐத் தொடுவது 1 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பாதிச் சுற்றுகள் 1.94ஐ எட்டுமுன்பே முடிந்துவிடும். மாணவரின் நோட்டிலும் ஏறத்தாழ இப்படியே இருக்கிறது. நீலத் தொடருக்குப் பின் வந்தவற்றைத் தனியே பிரித்துப் பார்த்தாலும் அவை மற்ற சுற்றுகளிலிருந்து வேறுபடவில்லை.

இந்தச் சூத்திரத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. விமானம் 2ஐத் தாண்டிப் பறந்துகொண்டிருக்கிறது என்றால், அது 4ஐத் தொடும் வாய்ப்பு சரிபாதி. 4இலிருந்து 8க்கும் சரிபாதி. அதாவது, பறக்கத் தொடங்கிய பின் காத்திருப்பதால் சராசரியில் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. நடத்துபவரின் பங்கு முழுவதும் கிளம்பும் இடத்திலேயே எடுக்கப்படுகிறது: நூற்றில் ஏறத்தாழ மூன்று சுற்றுகளில் விமானம் 1.00இலேயே மறைந்து, பொத்தானைத் தொடக்கூட யாருக்கும் நேரம் தராமல் எல்லோருடைய பணத்தையும் கொண்டுபோகிறது. ஆகவே 100 ரூபாய் வைத்த கணத்திலேயே சராசரியாக 3 ரூபாய் கழிந்துவிட்டது. அதன் பிறகு விரல் எவ்வளவு கூர்மையாக இயங்கினாலும் அந்த 3 ரூபாய் திரும்பாது.

இந்த விளையாட்டின் பெருந்தீங்கு இதுதான் என்று நான் கருதுகிறேன். எப்போது அழுத்துவது என்ற முடிவைத்தான் அது ஆடுபவர் கையில் கொடுக்கிறது. முடிவுக்குப் பொருட்டே இல்லாத அந்த ஒன்றில் அவருடைய கவனம், அச்சம், பெருமிதம் எல்லாம் குவிந்துவிடுகின்றன. 1.80இல் எடுத்தவர் விமானம் 15 வரை போவதைப் பார்த்து, தாம் பொறுமையிழந்ததாக வருந்துகிறார். 3க்குக் காத்திருந்து 2.90இல் இழந்தவர், நூலிழையில் தவறியதாக நம்பி உடனே அடுத்த பந்தயம் வைக்கிறார். இருவருக்கும் கிடைப்பது தன் திறமையைத் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம். சூதாட்டத்தில் நூலிழைத் தோல்வி மேலும் ஆடத் தூண்டுகிறது என்பதை உளவியலாளர்கள் வெகுகாலமாக எழுதிவருகிறார்கள்; இங்கே தோற்ற சுற்றுகளில் பல அந்தத் தோற்றத்தோடுதான் வந்து சேர்கின்றன.

செப்டம்பர் 2, செவ்வாய்

நோட்டைத் திருப்பிக் கொடுத்து விளக்கியபோது மாணவர் கேட்டது நியாயமான கேள்வி: "அப்போ 1.10லயே எடுத்துட்டா ஜெயிச்சுக்கிட்டே இருக்கலாமே, மேடம்?" பத்தில் ஏறத்தாழ ஒன்பது முறை வெல்லலாம், உண்மை. ஒவ்வொரு வெற்றிக்கும் 10 ரூபாய் வருகிறது; ஒரு தோல்வி 100 ரூபாயைக் கொண்டுபோகிறது. ஒரு தோல்வியை ஈடுகட்டப் பத்து வெற்றி வேண்டும், ஆனால் தோல்வியோ சராசரியாக எட்டரைச் சுற்றுக்கு ஒரு முறை வந்துவிடும். கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அமைதியாகப் பார்த்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

அடுத்த எண்ணை முன்கூட்டியே சொல்வதாக டெலிகிராமில் விற்கப்படும் 'பிரெடிக்டர்' செயலிகளைப் பற்றி இரண்டு மாணவர்கள் கேட்டார்கள். அவை மோசடி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஏவியேட்டரில் ஒரு சுற்றின் முடிவு, நடத்துபவரின் கணினி (சேவையகம்) வைத்திருக்கும் ஒரு ரகசியச் சரத்தையும், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த கோவையையும், அச்சுற்றில் முதலில் பந்தயம் வைத்த மூவரின் கருவிகளிலிருந்து வரும் சரங்களையும் சேர்த்து உருவாகிறது. ரகசியச் சரத்தின் ஹாஷ், அதாவது அதிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு குறியீடு, மட்டும் முன்பே வெளியாகும். ஹாஷிலிருந்து சரத்தை மீட்க வழியில்லை.

இதைக் காட்டியே 'நேர்மை நிரூபிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்கிறார்கள். முடிவைப் பின்னால் மாற்றவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. 3 விழுக்காடு அந்த நேர்மையான கணக்குக்குள்ளேதான் இருக்கிறது. மேலும், தடைக்கு அஞ்சி ஒளிந்து நடக்கும் தளங்களில் ஓடுவது அசல் மென்பொருளா, அதைப் போலச் செய்த ஒன்றா என்பதை ஆடுபவர் அறிய முடியாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

தோற்றால் இரட்டிப்பாக்கும் முறையைப் பற்றியும் எழுதிவிட வேண்டும், ஏனெனில் பலர் முதலில் சிக்குவது அதில்தான். 2இல் எடுப்பது என்று முடிவுசெய்து 100, 200, 400 என்று ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இரட்டிப்பாக்கினால், எப்போது வென்றாலும் மிஞ்சுவது 100 ரூபாய். தொடர்ந்து ஏழு முறை தோற்றால் போயிருப்பது 12,700 ரூபாய். எட்டாவது பந்தயத்துக்கு மட்டும் 12,800 வேண்டும். ஏழு தொடர்தோல்வி அபூர்வம் என்று தோன்றும். கணக்கிட்டால் சராசரியாக 212 சுற்றுகளுக்கு ஒரு முறை வருகிறது. ஒரு சுற்று அரை நிமிடம் என்று கொண்டால், அது இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இரவு உணவுக்குப் பின் கைப்பேசியோடு உட்காரும் இளைஞருக்கு அது ஒரே அமர்வு.

செப்டம்பர் 11, வியாழன்

அந்த மாணவரின் அக்கா கல்லூரிக்கு வந்திருந்தார். அவர் கையில் இருந்த வங்கிக் கணக்கு விவரத்தில், தளத்தின் பெயரே எங்கும் இல்லை. யுபிஐ வழியே போன பணமெல்லாம் வெவ்வேறு தனிநபர் பெயர்களுக்குப் போயிருக்கிறது. இத்தகைய தளங்கள் பிறருடைய கணக்குகளை வாடகைக்குப் பிடித்துப் பணம் திரட்டுகின்றன. காவல்துறை அக்கணக்குகளை முடக்கும்போது, பணம் அனுப்பியவரும் விசாரணைக்குள் இழுக்கப்படக்கூடும். 'போனஸ்' என்பதையும் அவருக்கு விளக்கினேன். 500 ரூபாய் தந்து, அதைப் போல 30 மடங்கு பந்தயம் கட்டினால்தான் பணம் எடுக்கலாம் என்று விதித்தால், 15,000 ரூபாய்ப் பந்தயத்தில் சராசரியாக 450 ரூபாய் அவர்களிடமே திரும்பிவிடும்.

"அவன் சோம்பேறி இல்லைங்க மேடம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அது தெரியும். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு அடிமைப்பழக்கங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லி, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐயும், பண மோசடிப் புகாருக்கான 1930ஐயும் எழுதிக் கொடுத்தேன். தம்பியின் கடனை வீட்டார் ஒரே தவணையில் அடைத்து, தம்பி கையில் மறுபடி பணம் புழங்க விடாமல், கடன் கொடுத்தவர்களிடம் அக்காவே நேரில் பேசுவது நல்லது என்றும் சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

திங்கள்கிழமை ஆய்வக வகுப்பை இதற்கே ஒதுக்குகிறேன். எக்செல்லில் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட சீரற்ற எண்ணை எடுத்து, 0.97ஐ அதனால் வகுத்து, 1க்குக் கீழே வருவதை 1.00 என்று கொண்டால் விமானம் தயார். பணமில்லாமல் ஒவ்வொருவரும் 10,000 சுற்றுகள் ஓட்டி, தாம் நம்பும் வெளியேறும் எண்ணை வைத்து இருப்பு எப்படிப் போகிறது என்று வரைபடம் போட வேண்டும். அந்த மாணவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய நோட்டின் எண்களையும் அதே வரைபடத்தில் சேர்க்க அனுமதி கேட்டேன், தந்திருக்கிறார்.