பிரேக் தடம் அழியும் முன்

வேலூர் பக்கத்துப் பொய்கையில் மாட்டுச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமைகளில் சர்வீஸ் ரோட்டில் மினி லாரி எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்த என் மைத்துனனை, எதிர்த்திசையில் வந்த ஒரு வண்டி அடித்துவிட்டது. வலது கால் முறிவு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் 48 மணி நேரச் சிகிச்சை, விபத்தில் அடிபட்டவர்களுக்கான அரசின் இலவசத் திட்டமான இன்னுயிர் காப்போம் திட்டத்தில் நடந்தது. “மாமா, அந்த இடத்தைப் படம் எடுத்துடுங்க, அப்புறம் எல்லாம் மாறிடும்” என்றான் படுத்தபடியே. நான் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். இது வேறு மாதிரி வேலை.

ரத்தக்கறையும் கண்ணாடித் தூளும்தான் முதலில் கண்ணை இழுக்கும். அதை மட்டும் எடுத்தால் எந்த ஊர் ரோடு என்றே தெரியாது. அதனால் மின்கம்ப எண்ணும் எதிரே இருந்த டீக்கடையும் சேர்ந்து வரும்படி தூரத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போனேன். டயர் தடம் உச்சி வெயிலில் தெரியாது, தார் பளபளக்கும். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது கேமராவைத் தரையோடு தாழ்த்தி, பக்கத்தில் இஞ்ச் டேப்பை நீட்டி வைத்து எடுத்தேன். கருப்புக் கோடு கடைசியில் சட்டென்று ஒரு பக்கம் வெட்டித் திரும்பியிருந்தது. அடி விழுந்தது அங்கேதான். அதுவும் இவன் போக வேண்டிய இடப்பக்கத்திலேயே.

பைக், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் வரை துடைக்கவோ தள்ளிவைக்கவோ கூடாது. அனுமதி கேட்டு, லெக் கார்டில் (கால் பக்கத்துப் பாதுகாப்புக் கம்பியில்) ஒட்டியிருந்த லாரியின் நீலப் பெயின்டைத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரியும்படி எடுத்துக்கொண்டேன்.

வக்கீல் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று: படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மெமரி கார்டை அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி நேர விவரமும் போய்விடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, எந்தக் கருவியில் எடுத்தது என்ற சான்றிதழும் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் வந்தது இது. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்கிறது சட்டம். சத்துவாச்சாரி கோர்ட்டில் போட்டாயிற்று.

மைத்துனனின் முறிந்த காலைப் படம் எடுக்கத்தான் எனக்குக் கை வரவில்லை. அவனிடம் கேட்டுவிட்டு, கட்டுப் பிரிக்கும் நாட்களில் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். தழும்பை விட முக்கியமான படம் அவனே சொன்னது. அவன் வேலை ஷூவின் மேல்தோல் தைப்பது. மெஷின் பெடலை மிதிப்பது வலது கால். வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து காலை வைத்தான். குதிகால் படிந்தது, முன்பாதம் கீழே இறங்கவில்லை. பக்கவாட்டில் அந்த இடைவெளி தெரிய எடுத்தேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்து ஊனச் சான்றுக்கு மெடிக்கல் போர்டு. அதற்குப் பெடல் படத்தையும் பெரிய பிரிண்ட் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.