பொதிமாடு நடந்த வழி

இலங்கையின் பதுளையில், நான் வளர்ந்த லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்), என் தாத்தா மாட்டுவண்டிக் காலத்தைப் பற்றிப் பேசாத மாலைப்பொழுது குறைவு. அந்த வண்டிகளுக்கும் முன்னர் மலையகத்தின் சுமையைத் தாங்கியவை பொதிமாடுகள் என்பதை நான் பிற்பாடே அறிந்தேன். கடலில்லாத கண்டி இராச்சியத்திற்கு உப்பு கரையோரத்திலிருந்தே வரவேண்டியிருந்தது. முதுகின் இருபுறமும் சம எடையுள்ள மூட்டைகளைச் சுமந்து, சிங்களத்தில் 'தவலம' எனப்படும் கூட்டமாக மாடுகள் உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்து, பாக்கைக் கீழே எடுத்துச் சென்றன. ஒரு பக்கம் சற்றே கனத்தாலும் சேணம் சரிந்து முதுகு புண்ணாகிவிடும். ஆகவே மூட்டை கட்டுவதே தனித் திறமையாக இருந்தது. சக்கரம் ஏற முடியாத ஒற்றையடிப் பாதையில், சிறிய உடலும் உறுதியான குளம்பும் கொண்ட நாட்டுமாடே நம்பகமான துணை.

பிரித்தானியர் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தபின் கோப்பி மூட்டைகள் வண்டிகளுக்கு மாறின. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. பதுளைக்கு அது 1924இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் எங்கள் மலைகளில் எத்தனை மாடுகள் நடந்தன என்று தெரியாதது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. வண்டி இறக்கத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து நெருக்கும் பாரம் முழுவதையும் மாடுகள் கழுத்தால் தாங்கும் என்று தாத்தா சொல்லும்போதெல்லாம், அவர் கை தானாகவே தம் பிடரியைத் தடவும்.